சங்கேதப் புதிர்களைக் கூடி உடைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்கேத எழுத்துகளைப் பொழுதுபோக்காக உடைக்கும் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். இரண்டு சொற்களை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மறைப்பதற்கு முன் இருந்தது 'மூல வாசகம்', எப்படி மறைத்தார்கள் என்ற ரகசியம் 'சாவி'.

இது ஹேக்கிங் மாதிரியா? ஏதாவது சட்டச் சிக்கல் வருமா?

இல்லை. யாருடைய கணக்கிலும் நுழைவதில்லை, யாருடைய கடவுச்சொல்லையும் தேடுவதில்லை. எழுத்துகளை வேறு எழுத்தாக்கியோ இடம் மாற்றியோ மறைத்த வாசகத்தை, அதற்குள்ளேயே கிடக்கும் தடயங்களைக் கொண்டு மீட்பதுதான் வேலை. சில, புதிராகவே அமைக்கப்பட்டவை. சில, நூற்றாண்டுகள் பழைய கடிதங்கள், போர்க்காலச் செய்திகள். இன்றைய வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் மறையாக்கம் முற்றிலும் வேறு. பென்சிலையும் தாளையும் வைத்துக்கொண்டு அதை நெருங்க முடியாது, நெருங்க நாங்கள் முயல்வதும் இல்லை.

கணக்கு எனக்குச் சுத்தமாக வராது. நான் சேர்ந்தால் மற்றவர்களுக்குப் பாரமாக இருப்பேனோ?

மாட்டீர்கள். 1969 ஜூலை 31 அன்று கலிஃபோர்னியாவில், 'ஸோடியாக்' என்று பிற்பாடு தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன், 408 குறிகள் கொண்ட சங்கேதத்தை மூன்று துண்டாக்கி மூன்று செய்தித்தாள்களுக்கு அனுப்பினான். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதை உடைத்தவர்கள் டொனால்ட் ஹார்டன் என்ற பள்ளி ஆசிரியரும் அவருடைய மனைவி பெட்டியும். இப்படிப்பட்ட தற்பெருமைக்காரன் 'நான்' என்றுதான் தொடங்குவான், 'கொல்' என்ற சொல் எப்படியும் உள்ளே இருக்கும் என்று பெட்டி ஊகித்தார். அந்த ஆங்கிலச் சொல் இரட்டை எழுத்தில் முடிவது. ஆகவே இரட்டையாக வரும் குறிகளைத் தேடிப் பிடித்தார்கள். அந்த வேலையில் கணிதம் சிறிதளவே. மனித மனத்தைப் படிக்கும் பழக்கம்தான் அதிகம்.

இந்தப் பக்கத்தில் இன்னும் சிலர் வருவார்கள்: ஒரு பியானோ கலைஞர், ஒரு வயலின் கலைஞர், கிடங்குத் தொழிலாளி ஒருவர். கணிதம் தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருந்தால் நல்லது. எல்லோரும் அப்படி இருக்க வேண்டியதில்லை.

முதல் நாள் என்ன செய்வது? எதை எடுத்து உட்காருவது?

கட்டம் போட்ட தாள், பென்சில், அழிப்பான். ஒவ்வோர் எழுத்தையும் வரிசையில் குறிப்பிட்ட இடங்கள் தள்ளி எழுதும் முறையிலிருந்து தொடங்குங்கள். ஜூலியஸ் சீசர் மூன்று இடம் தள்ளி எழுதினார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூடோனியஸ் குறித்திருக்கிறார். அதனால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

தமிழிலேயே ஒன்றைச் செய்து பார்ப்போம். உயிர்க்குறிகளைத் தொடாமல், மெய்களை மட்டும் க, ங, ச, ஞ என்ற வழக்கமான வரிசையில் ஓரிடம் தள்ளுவோம். 'நாளை வா' என்பதில் ந என்பது ப ஆகிறது, ள என்பது ற ஆகிறது, வ என்பது ழ ஆகிறது. கிடைப்பது 'பாறை ழா'. முதல் சொல்லைப் பாருங்கள். 'பாறை' என்பது நல்ல தமிழ்ச் சொல். அதை மட்டும் பார்த்தவர் இதில் மறைவே இல்லை என்று கடந்து போய்விடுவார். காட்டிக்கொடுப்பது 'ழா'. தமிழில் எந்தச் சொல்லும் ழகரத்தில் தொடங்காது. பொருள் தரும் சொல் ஏமாற்றும், பொருந்தாத எழுத்து உண்மையைச் சொல்லும் என்பதை இந்த இரண்டே சொற்களில் பார்க்கலாம். பின்னால் வரும் பல பதில்களுக்கு இதுவே அடிப்படை, ஆகவே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் எழுத்துகளை எண்ணு, எண்ணு என்கிறார்களே. எண்ணி என்ன ஆகப்போகிறது?

ஒரு மொழியில் எல்லா எழுத்தும் ஒரே அளவில் வருவதில்லை. ஆங்கிலத்தில் 'ஈ' என்ற எழுத்து நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் வரும், 'இஸட்' அபூர்வம். ஓர் எழுத்துக்குப் பதில் எப்போதும் ஒரே குறியைப் போட்டு மறைத்தால், முகம் மாறுகிறதே ஒழிய எண்ணிக்கை மாறாது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் கிந்தி இதைத் தெளிவாக எழுதி வைத்தார். நமக்குக் கிடைத்திருப்பவற்றில் இந்த முறையை விளக்கும் மிகப் பழைய எழுத்து அவருடையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும் எந்தச் சங்கேதத்தைக் கையில் எடுத்தாலும் நாம் செய்யும் முதல் வேலை அவர் சொன்னதுதான்.

ஆனால் எண்ணிக்கைப் பட்டியலை மட்டும் பார்த்து, அதிகம் வந்தது இது, அடுத்தது அது என்று வரிசையாக நிரப்பாதீர்கள். சிறிய வாசகத்தில் அது தவறிவிடும். எந்தக் குறிக்குப் பக்கத்தில் எந்தக் குறி வருகிறது, எது இரட்டிக்கிறது, எது சொல்லின் முடிவில் மட்டும் வருகிறது என்று பார்ப்பதில்தான் உண்மையான பலன் இருக்கிறது.

ஆங்கிலத்தில் 26 எழுத்து, சரி. தமிழில் 247-ஐ வைத்துக்கொண்டு சங்கேதம் சாத்தியமா?

சாத்தியம் மட்டுமல்ல, இன்னும் யாரும் அதிகம் உழாத நிலம் அது. முதலில் எதை ஓர் அலகாகக் கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக்குறி கொடுத்தால் பல குறிகள் ஓரிரு முறைதான் தலைகாட்டும். உடைக்க மிக நீண்ட வாசகம் தேவை. 'கா' என்பதை க் + ஆ என்று பிரித்தால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 குறிகளில் முடிந்துவிடும். மூன்றாவது வழி மேலே செய்தது: மெய் மட்டும் மாறும், உயிர்க்குறி அப்படியே நிற்கும். கணினியில் எண்ணுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 'க்' என்பதைக் கணினி ககரம், புள்ளி என்று இரண்டாகவே சேமிக்கிறது. எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் நிரலை ஓட்டினால் எண்ணிக்கை முழுவதும் குழம்பும்.

உடைக்கிறவருக்குத் தமிழ் இலக்கணம் அள்ளிக் கொடுக்கிறது. மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவை எல்லாம் இங்கே ஆயுதங்கள். ண, ழ, ள, ற, ன ஆகியவற்றில் சொல் தொடங்காது. ட, ர, ல மூன்றும் 'டிக்கெட்', 'ரயில்' போன்ற வரவுகளில் மட்டும் தொடங்கும். ர், ழ் இரண்டும் இரட்டிக்கா. ங் வந்தால் அடுத்தது பெரும்பாலும் க தான். ஒரு புள்ளிவைத்த குறியின் பின்னால் திரும்பத் திரும்ப ஒரே எழுத்து வருகிறது என்றால் முதலில் 'ங்க' என்று வைத்துப் பாருங்கள். க், ச், த், ப் நான்கும் தம்மைத் தாமே தொடரும். 'பக்தி' போன்ற வடசொற்கள் விலக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது சந்தி. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, ஒற்று மிகும் இடத்தில் தவிர. 'அந்தப் பாதை', 'எனக்குத் தெரியும்' என்று வரும்போது முதல் சொல்லின் கடைசி எழுத்தும் அடுத்த சொல்லின் முதல் எழுத்தும் ஒன்றாகவே இருக்கும். சங்கேதத்தில் இப்படிச் சொல் எல்லையைத் தாண்டி ஒரே குறி இரண்டு பக்கமும் நிற்பதைப் பார்த்தால் அது க, ச, த, ப நான்கில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிழையில்லாமல் ஒற்றுப் போட்டு எழுதுகிறவரின் சங்கேதம் இதனால் சீக்கிரம் உடைகிறது!

எண்ணிவிட்டேன். எல்லாக் குறியும் ஏறக்குறைய சமமாக வருகிறது. இப்போது என்ன செய்வது?

நல்ல செய்திதான், சங்கேதத்தின் வகையை அது சொல்லிவிட்டது. எண்ணிக்கை மேடும் பள்ளமுமாக, மொழியின் இயல்பான அளவுகளோடு ஒத்துப்போனால் எழுத்துகள் மாறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அளவுகள் இயல்பாக இருந்து குறிகள் மட்டும் வேறாக இருந்தால் அது சாதாரணப் பதிலீடு. எல்லாம் தட்டையாக இருந்தால் இரண்டு வாய்ப்புகள்: அடிக்கடி வரும் எழுத்துக்குப் பல குறிகளைக் கொடுத்திருக்கிறார்கள் (ஸோடியாக்கின் 408 அப்படித்தான்), அல்லது ஒரு சாவிச்சொல்லின் எழுத்துகளுக்கு ஏற்ப ஒவ்வோர் இடத்திலும் தள்ளும் அளவை மாற்றியிருக்கிறார்கள். இரண்டாவது வகையை 1553-இல் விவரித்தவர் பெல்லாசோ என்ற இத்தாலியர். பெயர் என்னவோ விஜினேர் என்ற பிரெஞ்சுக்காரருக்குப் போய்விட்டது.

அந்த இரண்டாவது வகைக்கு 1863-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி கசிஸ்கி வெளியிட்ட வழி இன்றும் பயன்படுகிறது. சங்கேதத்தில் மூன்று நான்கு எழுத்துத் தொடர்கள் மறுபடி வருகின்றனவா என்று பாருங்கள். அவற்றுக்கு இடையே உள்ள தூரங்களை அளந்து பாருங்கள். ஒன்று 15, இன்னொன்று 35, மற்றொன்று 40 என்றால் மூன்றையும் வகுப்பது 5. சாவிச்சொல் ஐந்தெழுத்தாக இருக்கலாம். பிறகு ஐந்தைந்து இடம் தள்ளி வரும் எழுத்துகளை ஐந்து தனிக் குவியல்களாக எடுத்து எழுதினால், ஒவ்வொரு குவியலும் முதல் நாள் செய்த எளிய தள்ளல்தான். பெரிய பூட்டு ஐந்து சின்னப் பூட்டுகளாகப் பிரியும் அந்தத் தருணத்துக்காகவே இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் உண்டு.

வகை தெளிவாகாதபோது ஓர் எண் உதவும். வாசகத்திலிருந்து குருட்டாம்போக்கில் இரண்டு எழுத்துகளை எடுத்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு, ஆங்கிலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 6.7; 26 எழுத்தும் சமமாகக் கலந்திருந்தால் 3.8. இந்த அளவை 1920-களில் முன்வைத்தவர் அமெரிக்கச் சங்கேத நிபுணர் வில்லியம் ஃப்ரீட்மன். தமிழுக்கு இந்த எண்ணை நீங்கள் தேர்ந்தெடுத்த அலகுக்கு ஏற்ப நீங்களே கணக்கிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 247 அலகுக்கு ஒன்று, 31 அலகுக்கு வேறொன்று.

எல்லாவற்றையும் கணினியில் போட்டால் விடை வந்துவிடாதா? மனிதர்கள் எதற்கு?

சாதாரணப் பதிலீடு என்றால் வந்துவிடும். ஒரு சாவியை ஊகித்து, அதில் சிறிது மாற்றி, கிடைக்கும் வாசகம் மொழிக்கு நெருங்குகிறதா விலகுகிறதா என்று மதிப்பெண் போட்டு ஏறிக்கொண்டே போகும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998-இல் ஜெர்மனியில் தொடங்கிய கிரிப்டூல் கற்றுக்கொள்ள மிகவும் ஏற்றது. அவற்றைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. ஆனால் முதல் சில புதிர்களையாவது கையால் உடையுங்கள். நிரல் தவறாகப் போகும்போது அது ஏன் தவறுகிறது என்று கண்டுகொள்ளும் பார்வை அப்போதுதான் வரும்.

மனிதர் ஏன் தேவை என்பதற்கு ஸோடியாக்கின் இரண்டாவது பெரிய சங்கேதமே சாட்சி. 1969 நவம்பரில் அனுப்பப்பட்ட 340 குறிகள் 51 ஆண்டுகள் அசையவில்லை. 2020 டிசம்பரில் உடைத்தவர்கள் மூவர்: அமெரிக்க மென்பொருளாளர் டேவிட் ஓரன்சாக், ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் சாம் பிளேக், பெல்ஜியத்தில் கிடங்கில் வேலை பார்த்த யார்ல் வான் எய்க்கே. உடைக்கும் நிரலை எழுதியவர் அந்தக் கிடங்குத் தொழிலாளிதான். நிரல் முன்பே இருந்தது; எதை அதற்குக் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை. குறிகளை எந்த வரிசையில் படிப்பது என்பதற்குப் பிளேக் ஏறக்குறைய 6,50,000 வழிகளைத் தயாரித்தார். ஒன்றில் 'என்னைப் பிடிக்க முயல்கிறீர்கள்', 'விஷவாயு அறை' என்று பொருள்படும் துண்டுகள் எட்டிப் பார்த்தன. ஒரு வரி கீழே, இரண்டு கட்டம் வலப்பக்கம் என்று சாய்வாகப் படிக்க வேண்டும். அதுவும் முழுவதற்கும் அல்ல, மூன்று பகுதிகளாகப் பிரித்து. எழுதியவனே நடுவில் ஓரிடத்தில் பிசகியிருந்தான். அந்தப் பிசகை நிரல் ஊகிக்காது. பிசகு இருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்க்க ஆள் வேண்டும்.

குழுவாக உட்கார்ந்தால் யார் என்ன செய்வது? எல்லோரும் ஒரே வேலையைத்தானே செய்வோம்?

பிரித்துக்கொள்ளாவிட்டால் அப்படித்தான் ஆகும். கவர்ச்சியில்லாத முதல் வேலை படியெடுப்பது: மங்கிய கையெழுத்தில் இந்தக் கொக்கியும் அந்தக் கொக்கியும் ஒரே குறியா, இரண்டா? இதை இருவர் தனித்தனியாகச் செய்து, பிறகு ஒப்பிட வேண்டும். இங்கே விழும் பிழை பின்னால் எல்லாவற்றையும் கெடுக்கும். அடுத்து ஒருவர் எண்ணிக்கைகளைத் தயாரிக்கலாம், ஒருவர் அந்தக் காலத்து மொழிநடையைப் பார்க்கலாம், ஒருவர் நிரலை ஓட்டலாம்.

2023-இல் வெளியான மேரி ஸ்டூவர்ட் கடிதங்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கணினி அறிஞர் ஜார்ஜ் லாஸ்ரி, பியானோ கலைஞரும் இசைப் பேராசிரியருமான நோர்பர்ட் பியர்மன், இயற்பியல் படித்த சதோஷி டோமோகியோ ஆகிய மூவரும் வெவ்வேறு நாட்டினர். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் பட்டியலில் இத்தாலி தொடர்பானவை என்று கிடந்த தாள்களை எடுத்தார்கள். மொழி பிரெஞ்சு என்று தெரிந்தது. எழுதியவர் பெண் என்பதை வினை, பெயரடை வடிவங்கள் காட்டின. 'என் விடுதலை', 'என் மகன்', பிறகு இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் உளவுத் தலைவரான 'வால்சிங்கம்' என்ற பெயர். சிறையிலிருந்த ஸ்காட்லாந்து அரசி 1578 முதல் 1584 வரை எழுதிய 57 கடிதங்கள், சுமார் 50,000 சொற்கள். வரலாற்றாசிரியர்கள் தொலைந்ததாகவே கருதியவற்றைப் பொழுதுபோக்காகத் தொடங்கியவர்கள் மீட்டுக் கொடுத்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கிறது.

உட்கார்ந்து யோசிக்க நேரமில்லாதவர்களுக்கும் இடம் உண்டு. ஸ்டெஃபான் கிராஹ் என்ற வயலின் கலைஞர் 2006-இல் ஜெர்மன் கடற்படை எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தால் மறைத்த மூன்று செய்திகளுக்காக ஒரு நிரலை எழுதி, பல தன்னார்வலர்களின் கணினிகளில் ஓடவிட்டார். 1942-இல் இடைமறிக்கப்பட்டும் உடைபடாமல் கிடந்தவை அவை. அந்த ஆண்டிலேயே இரண்டு திறந்தன.

தோற்ற முயற்சிகளையும் எழுதி வைக்கச் சொல்கிறீர்கள். அதனால் யாருக்கு லாபம்?

அடுத்து வருகிறவருக்கு. 'இதை முயன்றேன், வரவில்லை' என்று மட்டும் எழுதுவது போதாது. எந்தப் படியெடுப்பை வைத்து, எந்த மொழி என்று கொண்டு, எந்தச் சாவி நீளம் வரை முயன்றீர்கள் என்று எழுதுங்கள். அப்போதுதான் அந்தக் கதவு உண்மையிலேயே மூடியிருக்கிறதா, நீங்கள் சரியாகத் தட்டவில்லையா என்று மற்றவர் தீர்மானிக்க முடியும்.

கோப்பியாலே என்ற சங்கேதக் கையெழுத்துப் படி 105 பக்கம் கொண்டது. 2011-இல் கெவின் நைட், பெயாட்டா மெகியேசி, கிறிஸ்தியானே ஷேஃபர் மூவரும் உடைத்தார்கள். அதில் ரோமன் எழுத்துகளும் விசித்திரக் குறிகளும் கலந்திருக்கும். முதலில் தெரிந்த ரோமன் எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு பல மொழிகளில் முயன்றார்கள், எதுவும் வரவில்லை. அந்தத் தோல்வியே வழியைத் திருப்பியது: ரோமன் எழுத்துகள் வெறும் இடைவெளி நிரப்பிகள், செய்தி முழுவதும் விசித்திரக் குறிகளில் இருந்தது. மொழி ஜெர்மன்.

எனக்குக் கொஞ்சம் உதவி வேண்டும், ஆனால் விடை வேண்டாம். எப்படிக் கேட்பது?

எதுவரை வந்தீர்கள் என்று முதலில் காட்டுங்கள், பிறகு எவ்வளவு வேண்டும் என்று சொல்லுங்கள்: 'வகையை மட்டும் சொல்லுங்கள்', 'ஓர் எழுத்து கொடுங்கள்'. பதில் சொல்கிறவர் அதற்கு மேல் ஓர் எழுத்துகூடச் சொல்லக் கூடாது. இன்னொருவர் இரவெல்லாம் உட்கார்ந்து அடையவேண்டிய மகிழ்ச்சியை ஒரு வரியில் பறிப்பதை நான் பெரிய அநியாயமாகவே கருதுகிறேன்.

நான் வோய்னிச் கையெழுத்துப் படியைத் தீர்த்துவிட்டேன். யாரும் ஏன் நம்ப மறுக்கிறார்கள்?

யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும், யாரும் படித்தறியாத எழுத்தில் அமைந்த அந்தப் படியின் தோல் 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டது என்று கார்பன் சோதனை காட்டியது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் நிறுவப்படவில்லை. தீர்த்ததாக அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. உங்களுடையதைக் கேட்பவர்கள் அவற்றையெல்லாம் பார்த்துக் களைத்தவர்கள். ஆகவே கோபப்படாமல் மூன்று கேள்விகளை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். உங்கள் விதிகளை எழுதிக் கொடுத்தால், உங்களோடு பேசாமலேயே இன்னொருவர் அதே வாசகத்தை எடுக்க முடியுமா? நீங்கள் பார்க்காத பக்கத்திலும் அதே விதிகள் பொருள் தருகின்றனவா? ஒரு குறிக்கு எத்தனை எழுத்துகளை அனுமதித்தீர்கள், எத்தனை முறை எழுத்துகளைக் கலைத்துச் சேர்த்தீர்கள்? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான தீர்வுகள் விழுகின்றன. சுதந்திரம் கூடிவிட்டால் எந்தக் குறிக்கூட்டத்திலிருந்தும் எதையும் எடுக்கலாம்.

பொருள் தரும் சொல் ஏமாற்றும் என்று 'பாறை'யை வைத்துச் சொன்னேன். அனுபவசாலிகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ-வின் தலைமையகத்தில் 1990-இல் நிறுவப்பட்ட, சங்கேத எழுத்துகள் செதுக்கிய கிரிப்டோஸ் சிற்பத்தின் இரண்டாம் பகுதி, 'வரிசைவாரியாக' என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரோடு முடிவதாக எல்லோரும் ஏற்றிருந்தார்கள். 2006-இல் சிற்பி ஜிம் சான்போர்ன், ஓர் எழுத்தைச் செதுக்காமல் விட்டிருந்ததைச் சொன்னார். அதைச் சேர்த்தால் முடிவு 'அடுக்கு இரண்டு' என்று வருகிறது.

ஸோடியாக்கின் 13 எழுத்துப் புதிருக்கு என் விடை கச்சிதமாகப் பொருந்துகிறதே?

பொருந்தும். வேறு ஆயிரம் பெயர்களும் பொருந்தும். ஒரு சங்கேதத்துக்கு ஒரே விடைதான் இருக்க முடியும் என்று சொல்ல எவ்வளவு நீளம் தேவை என்பதை 1949-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் கணக்கிட வழி காட்டினார். ஆங்கிலத்தில் சாதாரணப் பதிலீட்டுக்கே அது 25 முதல் 30 எழுத்து. 1970 ஏப்ரலில் 'என் பெயர்' என்று எழுதி அவன் வைத்த 13 குறிகளை அவற்றை மட்டும் கொண்டு யாராலும் நிரூபிக்க முடியாது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் பொருத்துவது ஒரு மனிதரின் பெயர். அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அது என்ன செய்யும் என்று யோசியுங்கள். நிரூபிக்க முடியாத பெயரைப் பொதுவில் சொல்லாதீர்கள்.

இது உண்மையான சங்கேதமா, வெறும் கிறுக்கலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உறுதியாகத் தெரியாமலே போகலாம். ஆனால் சந்தேகத்துக்கு அடையாளங்கள் உண்டு. 1885-இல் வந்த ஒரு சிறுநூல், வர்ஜீனியாவில் புதைத்த செல்வத்தைப் பற்றிய மூன்று எண் சங்கேதங்களை வெளியிட்டது. பீல் சங்கேதங்கள் என்று அவற்றுக்குப் பெயர். இரண்டாவது, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் சொற்களுக்கு எண்ணிட்டு, அந்தந்தச் சொல்லின் முதல் எழுத்தை எடுத்தால் திறக்கிறது. முதலாவதையும் அதே பிரகடனத்தைக் கொண்டு ஜேம்ஸ் கில்லோக்லி 1980-இல் பார்த்தபோது, பொருள் எதுவும் வரவில்லை. ஆனால் ஓரிடத்தில் ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகள் ஏறக்குறைய வரிசையாகவே வந்தன. தற்செயலாக அப்படி வருவது மிக அரிது. மூல வாசகமே இல்லாமல் எண்களை இட்டு நிரப்பியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நானும் அந்தப் பக்கம்தான். அதற்காக அதில் இறங்குகிறவரைத் தடுக்க மாட்டேன். அங்கே கற்கும் உத்திகள் வேறிடத்தில் உதவும்.

விடைத்தாளை யாராவது கண்டெடுத்துவிட்டால் புதிர் முடிந்துபோகுமா?

கிரிப்டோஸின் 97 எழுத்துக் கடைசிப் பகுதிக்கு 2025-இல் இதுதான் நடந்தது. சிற்பியின் தாள்கள் இருந்த ஸ்மித்சோனியன் ஆவணக் காப்பகத்தில் இருவர் மூல வாசகத்தைக் கண்டார்கள். அதை வெளியிடாமல் விட்டார்கள். என்னைக் கேட்டால், வாசகம் தெரிவது பாதி வேலைகூட இல்லை. இந்த 97 எழுத்தாக அது எப்படி மாறியது என்று காட்டும்வரை உடைக்கிறவர்களுக்குப் புதிர் அப்படியேதான் நிற்கிறது. கண்டெடுப்பதும் நேர்மையான ஆய்வுதான். அது வேறு திறமை.

நானே ஒரு சங்கேத முறையைக் கண்டுபிடித்திருக்கிறேன். 'முடிந்தால் உடையுங்கள்' என்று எல்லோரிடமும் கொடுக்கலாமா?

கொடுங்கள், முறையையும் சேர்த்துக் கொடுங்கள். முறை எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி தெரியாதவரை காக்க வேண்டும் என்று 1883-இலேயே டச்சு மொழியறிஞர் கெர்க்ஹாஃப்ஸ் எழுதிவிட்டார். முறையையே மறைத்து 40 எழுத்துகளை நீட்டினால், மேலே 13 எழுத்துக்குச் சொன்ன காரணத்தால் அது உடைபடாது. உடைபடாததில் உங்கள் முறைக்குப் பெருமையும் இல்லை. சில நூறு எழுத்துகளாவது கொடுங்கள், மொழியைச் சொல்லுங்கள், நீங்களே ஒருமுறை சாவியைக் கொண்டு திறந்து பார்த்துப் பிழையில்லை என்று உறுதி செய்யுங்கள். நல்ல புதிர் என்பது உடைய வேண்டியது.

வீட்டில் பழைய நாட்குறிப்பு ஒன்றில் சங்கேதப் பக்கங்கள் இருக்கின்றன. குழுவிடம் கொடுக்கலாமா?

எழுதியவர் ஒரு காரணத்துக்காகத்தான் மறைத்திருப்பார். அவர் உயிரோடு இருந்தால் அவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அதனால் பாதிக்கப்படக்கூடிய குடும்பத்தினரிடம் கேளுங்கள்; உள்ளே காதலோ கடனோ சண்டையோ இருக்கலாம். எல்லோருக்கும் சம்மதம் என்றால், பெயர் தெரியும் பக்கங்களை விலக்கிவிட்டு ஒரு துண்டை மட்டும் கொடுத்து முறையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முறை கிடைத்தபின் மீதியை நீங்களே வீட்டில் படித்துக்கொள்ளலாம்.

ஒன்று கொடுங்கள், இப்போதே முயன்று பார்க்கிறேன்.

இதோ:

ழாடை றாஙை ளஞைன ளாஙவ்வித் அரினிங் மழ்விள்ளோற். சகுற்ளோவு சகைளரவ்வைனுற் சிடந்நைனுற் றணந்நாறங் நொல்ரு சா.

உயிரெழுத்தும் உயிர்க்குறிகளும் மாறவில்லை. மெய்கள் மட்டும் வழக்கமான வரிசையில் ஒரே அளவு தள்ளப்பட்டிருக்கின்றன. ன வந்ததும் மறுபடி க-விலிருந்து தொடரும். 17 அளவுகளையும் ஒவ்வொன்றாக முயன்றாலும் கிடைத்துவிடும், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். மூன்று சொற்கள் ற் என்று முடிகின்றன. தமிழில் அப்படி ஒரு சொல்லும் முடியாது. அவற்றில் இரண்டு 'னுற்' என்று ஒரேபோல் முடிகின்றன. அங்கிருந்து தொடங்குங்கள்.